'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஏ.ஏ. கூட்டத்துக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் மதுப்பழக்கம் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. டாஸ்மாக் வருமானம், குடும்பங்கள் படும் பாடு, கல்லீரலுக்கு என்ன ஆகும் என்று எல்லாம் இருந்தது. மீள்வதற்கு வழி மட்டும் கடைசி வரியில் முடிந்துவிட்டது: மீள விரும்புவோர் அருகில் உள்ள மறுவாழ்வு மையத்தை அணுகலாம். எந்த மையம், எந்தத் தெரு, என்றைக்குப் போவது, உள்ளே யார் இருப்பார்கள், எவ்வளவு கேட்பார்கள்? ஒன்றும் இல்லை. அதே இதழில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் சொற்பொழிவுக்கும் கண் சிகிச்சை முகாமுக்கும் பட்டிமன்றத்துக்கும் நேரம், இடம், நுழைவாயில் வரை போட்டிருக்கிறீர்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டங்களுக்கும் அங்கே நான்கு வரி ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

செல்போனில் தேடினால் கிடைக்காதா என்று கேட்கலாம். கிடைக்கும். ஆனால் குடியை நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு எந்த நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். இரவு வீட்டில் ரகளை. காலையில் வெட்கம், வயிற்றுப் புரட்டல், சத்தியம். டாஸ்மாக் ஷட்டர் பகல் 12 மணிக்கு ஏறும். (அதற்கு முன்பே பின்பக்கமாக விற்பது தனிக்கதை.) ஆறு மணிக்கு எழுந்தவருக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது. டீக்கடையில் டம்ளரை ஒரு கையால் தூக்கினால் சிந்திவிடும் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து வாயை டம்ளருக்குக் கொண்டுபோய் முதல் மடக்கை உறிஞ்சுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு முன்னால் பெஞ்சில் கிடப்பது உங்கள் பேப்பர்தான்.

பலர் குழப்பிக்கொள்வது மையத்தையும் கூட்டத்தையும். விசாரித்துப் போன் செய்யும் குடும்பத்தார் எடுத்த எடுப்பிலேயே "எத்தனை நாள் அட்மிஷன், ஃபீஸ் எவ்வளவு, வந்து தூக்கிட்டுப் போவீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏ.ஏ.வில் அட்மிஷன் கிடையாது. கட்டில், மருந்து, கட்டணம், பூட்டு எதுவும் கிடையாது. குடித்துக் கெட்டுக் குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புகிறவர்களும் வாரத்தில் சில நாட்கள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டதில் தொடங்கிய முறை இது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். அந்த விருப்பம் அரைகுறையாக இருந்தாலும் போதும், யாரும் அளந்து பார்ப்பதில்லை.

கண்டுபிடிக்க மூன்று வழிகள் நடைமுறையில் பயன்படுகின்றன. இந்திய ஏ.ஏ.வின் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டங்களும் உதவி எண்களும் இருக்கும். இரண்டாவது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மருத்துவரைவிட அங்குள்ள சமூகப் பணியாளரிடமோ ஆலோசகரிடமோ கேளுங்கள். எந்தக் குழு எங்கே கூடுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, தொலைபேசி. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, இரண்டும் இலவசம். டெலி மானஸில் தமிழில் பேசலாம்.

ஏ.ஏ. உதவி எண்ணில் போனை எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆலோசகர் அல்ல, அவரும் ஒரு உறுப்பினர். வேலையில் இருப்பார், பேருந்தில் இருப்பார். முதல் தடவை எடுக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். எடுத்ததும் இவ்வளவு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இந்த வாரம் இந்தக் கூட்டம் நிச்சயம் நடக்கிறதா, தமிழிலா ஆங்கிலத்திலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த வாசல், எந்த மாடி, வாசலில் யாராவது வந்து நிற்க முடியுமா. திறந்த கூட்டத்துக்கு மனைவி, மகன், நண்பர், மாணவர் என்று யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிநோய் இருப்பவர்களுக்கு மட்டும். இதைக் கேட்காமல் குடும்பத்தோடு போய், மனைவியை வெளியே உட்காரச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

முகவரி சரியாக இருந்தும் கூட்டம் கிடைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலான குழுக்கள் பள்ளி வகுப்பறையிலோ தேவாலய வளாகத்திலோ அறை வாங்கிக் கூடுகின்றன. பள்ளிக்குத் தேர்வு வந்தால் அறை மாறும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி ஆகிவிடும், கோடை விடுமுறையில் பெரிய கேட் பூட்டிச் சின்ன கேட் மட்டும் திறந்திருக்கும். வாட்ச்மேனிடம் "குடியை நிறுத்துற கூட்டம் எங்க?" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே ஒருவர் தெருவை இரண்டு சுற்று சுற்றுவார், மூன்றாவது சுற்றில் கடைக்குப் போய்விடுவார். "ஏ.ஏ. மீட்டிங் எங்க?" என்று கேட்டால் போதும், வாட்ச்மேனுக்கு அந்த இரண்டு எழுத்துதான் தெரியும். அன்று மாலை நாலு மணிக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்வது இன்னும் நல்லது. வழியையும் யோசித்து வையுங்கள். கூட்டம் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழுக்கு. கடை இரவு 10 வரை திறந்திருக்கும். பழைய பார் வாசலில் இறங்கி நடக்கும் பேருந்து நிறுத்தம் வேண்டாம், ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதிப் பயம். வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள். மேசை மேல் 'இன்று ஒரு நாள் மட்டும்' போன்ற வாசக அட்டைகள், புத்தகங்கள், ஒரு ஃபிளாஸ்க் டீ. கூட்டத்தை நடத்துபவர் தன் பெயரை மட்டும் சொல்லித் தான் ஒரு குடிநோயாளி என்பார், மற்றவர்கள் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார்கள். முன்னுரையும், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த 12 படிகளும் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள், ஆளுக்கு ஐந்து பத்து நிமிடம். ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி இல்லை, அறிவுரை இல்லை. நம் ஊரில் நாலு பேர் கூடினால் மூன்று பேர் அறிவுரை சொல்வார்கள், ஆகவே புதிதாக வந்தவருக்கு இந்த மௌனமே விநோதமாக இருக்கும். உங்கள் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அன்று குடித்துவிட்டுப் போயிருந்தாலும் விரட்ட மாட்டார்கள். பேசாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் பத்து, இருபது ரூபாய் அது. புதியவர் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதும் இல்லை. வருகைப் பதிவேடு கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். அலுவலகத்திலிருந்து விசாரித்தாலும் காட்டுவதற்கு அங்கே ஒரு தாளும் இல்லை.

கூட்டத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இதைத் தங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டது பெரிய குறை. டாஸ்மாக் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். தினமும் அந்த அளவோ அதற்கு மேலோ பல மாதங்களாகக் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு ஒரு தடவையாவது வலிப்பு வந்தவர், இவர்கள் வைராக்கியமாகச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவது என்று ஆரம்பித்தால் உடனே மருத்துவமனை. பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கூட்டிப்போய் நேரத்தை விட்டால் உயிரே போகலாம். வழக்கமான இன்னொரு தவறு, தெருமுனை கிளினிக்கில் "தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ்". நீண்ட நாள் குடித்தவர் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "குடிப்பவர்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மருத்துவர் முதலில் தயமின் ஊசி போடுவார். அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் செலவில்லை. நடுக்கம் அடங்கி ஆள் தெளிந்ததும், வார்டில் இருந்து வீட்டுக்கு வரும் வாரத்திலேயே கூட்டத்துக்குப் போய்விட வேண்டும். அந்த இடைவெளியில் நழுவுகிறவர்கள் அதிகம்.

விளம்பரப் பகுதி பற்றியும் கேட்கக் கசப்பான ஒன்று. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற பொடி விளம்பரங்கள் பல பத்திரிகைகளில் வருகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையையே வீட்டில் ரகசியமாகக் கலப்பதும் உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். சில இருமல் சிரப்பும் அரிஷ்டமும்கூட அதைத் தூண்டும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுவதற்கு உள்ள மருந்து அது. ரசத்தில் கலப்பதற்கு அல்ல.

குடும்பத்துக்கு என்று தனியாக அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. 1951இல் தொடங்கியது. குடிப்பவர் வந்தாலும் வராவிட்டாலும் மனைவியோ அம்மாவோ அங்கே போகலாம். பெரும்பாலான வீடுகளில் முதலில் கிளம்ப வேண்டியது அவர்கள்தான். குடிப்பவருடைய முதலாளிக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வது, கடனை அடைப்பது, வாந்தியைத் துடைப்பது என்று எதையெதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது என்பதை அங்கே அதே நிலையில் இருப்பவர்களிடம் கேட்கலாம். ஏ.ஏ.விடம் மனைவி போன் செய்தால் "அவருக்கு விருப்பமா?" என்று கேட்பார்கள். அவர் சரி என்றால் இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து வந்து வீட்டிலோ டீக்கடையிலோ சந்திப்பார்கள். பெண்ணுக்கு என்றால் பெண் உறுப்பினர்களைக் கேட்கலாம். பெண்கள் பலருக்கு நேரில் போவது கடினம். ஆண்கள் நிறைந்த அறை, தெரிந்த முகம், ஊர்ப்பேச்சு. 2020க்குப் பிறகு ஜூம் கூட்டங்கள் பெருகியது அவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. நுழையுமுன் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். பையனின் ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்த முழுப்பெயரும் ரோல் நம்பரும் அப்படியே இருக்கும். மாற்றிவிட்டு, கேமராவை அணைத்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காரலாம்.

தேவாலயத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்ற சந்தேகம் நம் ஊரில் உண்டு. அறை வாடகைக்கு வாங்கியது, அவ்வளவுதான். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் சேர்ந்ததல்ல. ஆனால் படிகளில் கடவுள் வருகிறார், 'நாங்கள் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற அடைமொழியோடு. கூட்டம் ஒரு வேண்டுதலோடு முடியும். கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு இது நெருடும். படிகள் சொல்லும் உயர்ந்த சக்தி என்பதை அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் என்றே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கிற நாத்திகர்களும் அங்கே உண்டு.

முதல் கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது அடுத்த தடங்கல். ஒரு குழு சோர்வாக இருக்கும், அடுத்த தெருக் குழு கலகலப்பாக இருக்கும். குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் வேறு வேறு குழுக்களில், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பது எங்கள் வழக்கம். ஏ.ஏ.வில் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். சின்ன ஊரில் தினமும் கூட்டம் கிடைக்காது. கிடைக்காத நாட்களில் ஜூம், அல்லது இன்னொரு உறுப்பினருக்கு ஒரு போன். முதல் நாளே மூன்று பேரின் எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் எந்தக் காரணமும் இல்லாமல் ஒருவருக்குப் போன் செய்து பார்த்துவிடுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு தடவை போட்டுப் பழகாத எண்ணைக் குடிக்கத் தோன்றும்போது விரல் அழுத்தாது.

ஸ்பான்சராக, அதாவது கூட இருந்து வழிகாட்டும் உறுப்பினராக, ஓராண்டாவது குடிக்காமல் இருக்கும், தன் பாலினத்தவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் மருத்துவர் அல்ல, வட்டிக்குக் கொடுப்பவரும் அல்ல. "டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து" என்று எந்த உறுப்பினர் சொன்னாலும் கேட்கக் கூடாது, ஏ.ஏ.வின் சொந்த வெளியீடுகளே அதைத்தான் சொல்கின்றன. கூட்டத்தில் அறிமுகமானவருக்குக் கடன் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கடன் கெட்டால் இருவருமே அந்த அறைக்கு வர மாட்டார்கள்.

சறுக்கும் இடங்கள் நமக்கு எல்லாருக்கும் தெரிந்தவைதான். கட்டட வேலைக்காரருக்குச் சனிக்கிழமைச் சாயங்காலம், கூலி கையில். அன்றைக்கே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கூலியை வீட்டுக்காரம்மாவிடமோ வங்கியிலோ போட ஏற்பாடு செய்துகொள்ளலாம். துக்க வீடு அதைவிட மோசம். அங்கே ஊற்றிக் கொடுப்பதே மரியாதை, மறுத்தால் குறை. போய் மாலை போட்டுவிட்டு, கூட ஒரு உறுப்பினரை வைத்துக்கொண்டு, அரை மணியில் கிளம்பிவிட வேண்டும். குடிக்கத் தோன்றும்போது பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் எது இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வார்கள். பசி என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டதும் குடிக்கும் ஆசை பாதி அடங்கிப்போவது பலர் கண்ட உண்மை. சறுக்கி விழுந்தவர் மறு கூட்டத்துக்கு வெட்கப்பட்டு வராமல் இருப்பதுதான் சறுக்கலைவிடப் பெரிய நஷ்டம். அந்த அறையில் சறுக்காதவர் குறைவு.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் எடுத்துப் பார்த்தது. முறையாக ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருந்தன. 'இணைத்துவிடும்' என்பதைக் கவனிக்க வேண்டும். போகலாம் என்று சொல்வது வேறு, இந்த நாள், இந்த வாசல், இவர் நிற்பார் என்று சொல்லி அனுப்புவது வேறு. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

ஏ.ஏ. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதில்லை என்பது அவர்கள் மரபு. கூட்டம் எங்கே, எப்போது என்ற தகவலைத் தருவது அதற்கு முரணல்ல, கேட்டால் கொடுப்பார்கள். மாவட்டப் பதிப்புக்கு ஒரு நிருபர், மாதம் ஒரு முறை உள்ளூர்க் குழுவைப் போனில் அழைத்து மாறியதைத் திருத்தினால் போதும். வடிவம் இப்படி இருக்கலாம்:

ஏ.ஏ. (குடியை நிறுத்த விரும்புவோர்): வியாழன் மாலை 6.30, பள்ளியின் பெயர், பின்வாசல், முதல் மாடி. தமிழ். திறந்த கூட்டம். கட்டணம் இல்லை. உதவிக்கு: குழுவின் எண்.

பக்கத்திலேயே அல்-அனான் கூட்டத்துக்கு ஒரு வரி. டாஸ்மாக் விடுமுறை நாட்களான குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்றவற்றுக்கு முந்தைய நாள் இதழில் இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். மறுநாள் சரக்கு கிடைக்காமல் நடுங்கப் போகிறவர்கள் அதைப் படிப்பார்கள், கூடவே 14416ஐயும் அருகில் உள்ள அரசு மருத்துவமனையையும் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் எங்கள் பெயர்களைப் போட வேண்டாம். எங்களில் சிலர் உறுப்பினர்கள், பத்திரிகையில் பெயர் வரக் கூடாது என்பது அவர்கள் விதி.

இப்படிக்கு,
குடிநோய் மீட்புப் பணியில் உள்ள சிலர்,
திருச்சி.